படங்குச் சீலிங்

பெரிய கணக்கப்பிள்ளை பொய் சொல்கிறார். எங்கள் லயத்தை அவர் அழகுபடுத்தவில்லை. ஒரு ஆணிகூட அடிக்கவில்லை.

கோயில் திருவிழா நோட்டீஸைக் கடைவாசலில் படித்தேன். 'இருண்டு கிடந்த லயத்தை மாளிகையாக்கிய மாமனிதர்' வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாராம். திருவிழா மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். எழுதியவர் மாளிகையைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார், அவரை விட்டுவிடலாம். ஆனால் கணக்கப்பிள்ளை இத்தனை வருடமாக 'நான் ஆக்கினேன்' என்று ஊரெல்லாம் சொல்லித் திரியும் அந்தக் காம்பரா என்னுடையது. அதை ஆக்கியது நான். ஏழு மாத வயிற்றோடு தேயிலைப் பெட்டி மேல் ஏறி நின்று ஆக்கினேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் றொசல்ல ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறும் மலையில் இருக்கிறது. அங்கே மழை விடுவதைத்தான் ஆட்கள் செய்தியாகச் சொல்வார்கள். லயம் என்றால் ஒரே நீளக் கூரையின் கீழ் பத்துக் காம்பரா. ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை. எங்களுடையது கடைசிக் காம்பரா. கல்யாணமாகி அதில் நான் நுழைந்தபோது சுவர் எந்த நிறம் என்று கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. எங்களுக்கு முன்னால் இருந்தவர்களின் அடுப்புப் புகை முழுக்க அதில்தான் இருந்தது. கூரைத் தகரத்தில் பதினோரு ஓட்டை. சும்மா சொல்லவில்லை, வெயில் நாளில் தரையில் விழும் வெளிச்சப் பொட்டுகளை எண்ணினேன்.

குழந்தை உண்டானதும் எனக்கு ஒரு கவலைதான். பிள்ளை பெற்றுப் படுக்க ஆறடி நீளம், மூன்றடி அகலம் நனையாத இடம் வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது. காலையில் ஆட்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்தில், எல்லோருக்கும் பேர் போட்டுக்கொண்டிருந்த கணக்கப்பிள்ளையிடம் போய் நின்றேன்.

"ஐயா, கூரை ஒழுகுதுங்க. ரெண்டு தகரம் மாத்திக் குடுங்க."

"மழ பேஞ்சா ஒழுகத்தான் செய்யும். ஒழுகாம இருக்க நீ என்ன பங்களாவிலயா இருக்க?"

"புள்ள பொறக்கப் போவுதுங்க."

"இந்தத் தோட்டத்துல பொறந்த புள்ளைக எல்லாம் கரைஞ்சா போச்சு? போ, மலைக்குப் போ."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அவர்களுக்கு அன்று பேர் விழாது, பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை.

அடுத்த மாதம் தகரம் வந்தது. புதுத் தகரம், ஒரு டசன். றொசல்ல ஸ்டேஷனிலிருந்து தலையில் சுமந்து ஏற்றிய ஆட்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். மதகுக்கிட்டே வழுக்கி விழுந்து, தகரத்தின் ஒரு மூலை காதுபோல மடங்கிவிட்டது. கணக்கப்பிள்ளை கண்டபடி ஏசினாராம். முழங்கால் தோல் உரிந்து வந்த மனிதர், அதைப் பற்றிப் பேசவேயில்லை.

"புள்ள, லயத்துக்குத்தான் வந்திருக்காம். கணக்கப்பிள்ளை வாயாலயே சொன்னாரு. கம்பெனிப் பெரியவரு பாக்க வர்றாராம், அவரு வந்து பாத்துட்டுப் போனதும் அடிப்பாங்களாம்."

"பாக்கறதுக்கு முன்னால அடிச்சா என்னவாம்?"

"ஓட்டையக் காட்டித்தானே தகரம் வாங்க முடியும்?" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் ஒரு நியாயம் கண்டுபிடிக்கிற ஆள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

பெரியவர் வரும் வருடங்களில்தான் எங்களுக்கு வெள்ளையடிப்பு. அதற்கு ஒரு முறை உண்டு. கார் திரும்பும் வளைவில் ஒரு ஆளை நிறுத்துவார்கள். சுண்ணாம்பு அடிக்கிறவன் லயத்துச் சுவரில் மட்டையை வைத்துக்கொண்டு அவனைப் பார்ப்பான். "தெரியுது, தெரியுது, இன்னும் தெரியுது, ம், நிப்பாட்டு" என்று அவன் அங்கிருந்து கத்துவான். அந்த இடத்தோடு வெள்ளை நின்றுவிடும். காரில் இருக்கிற கண்ணுக்கு எட்டாத சுவருக்குச் சுண்ணாம்பு வீண். எங்கள் காம்பராவின் முன்சுவரில் அந்தக் கோடு நடுவில் விழுந்தது. பாதி வெள்ளை, பாதிக் கரி. உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. சரி, நானே செய்கிறேன் என்று இறங்கினேன். கையில் காசு இல்லை. வெள்ளையடித்த பீப்பாயின் அடியில் கெட்டிப்பட்டுக் கிடந்த சுண்ணாம்பைச் சுரண்டி வந்து, சுடுதண்ணீரில் கரைத்து, துணிக்குப் போடும் நீலம் ஒரு சிட்டிகை கலந்தேன். பாக்கிச் சுவருக்கும் உள்ளே இரண்டு சுவருக்கும் வந்தது. மற்ற இரண்டு சுவருக்குப் பழைய பேப்பர். துரை பங்களாவில் சமைக்கிற அப்பு ஒரு கட்டுக் கொடுத்தார். எல்லாம் இங்கிலீஷ். கோதுமை மாவில் கூழ் காய்ச்சி ஒட்டினேன். எழுத்து எந்தப் பக்கம் நேர் என்று எனக்கென்ன தெரியும்? படம் இருந்தால் தலையை மேலே வைத்து ஒட்டினேன். படம் இல்லாததை அதன் தலையெழுத்துப்படி ஒட்டினேன்.

பெரிய வேலை கூரைதான். கொழுந்து பறிக்கும்போது செடி கிழிக்காமல் இடுப்பில் கட்டுகிற சாக்கைப் படங்கு என்போம். கிழிந்துபோன பழைய படங்குகளை லயம் முழுக்கக் கேட்டு வாங்கினேன். வெளுத்து, ஒட்டுப்போட்டு, ஒன்றோடொன்று தைத்து ஒரே விரிப்பாக்கினேன். தேயிலைப் பெட்டிக்குள் போடும் ஈயத்தாள் கிழிசல்களை ஸ்டோருக்குப் பின்னால் குப்பையில் பொறுக்கி வந்து அதன் மேல்பக்கம் ஒட்டினேன். என் வீட்டுக்காரர் அதைக் கூரைக்குக் கீழே சற்றுச் சரிவாக இழுத்துக் கட்டினார். ஓட்டையில் விழும் தண்ணீர் ஈயத்தாளில் வழிந்து, மூலையில் வைத்த மூங்கில் வழியாக வெளியே போகும். கீழ்ப்பக்கம் சுண்ணாம்பு பூசினோம். அண்ணாந்து பார்த்தால் வெள்ளை வெளேரென்று சீலிங். அட்டன் கடைக்கார முதலாளி கொடுத்த லட்சுமி படக் கலண்டரையும் மாட்டினேன்.

பக்கத்துக் காம்பரா அக்கா வாசலில் நின்று பார்த்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் வாய்க்குப் பயந்து கங்காணியே சுற்றிப் போவார்.

"என்னடி தங்கச்சி, தொரைசாணி குடி வரப் போறாளா?"

"ஏன்க்கா, நாம இருந்தா ஆகாதா?"

"ஆகும், ஆகும். என் பழைய படங்கு எங்க இருக்குன்னு தேடுறேன். அந்தா அந்த மூலையில இருக்கறதுதானே? பாத்துடி. ஒடம்பெல்லாம் பவுடரு பூசிட்டா காய்ச்சக்காரிய டாக்டரு தொட்டுக்கூடப் பாக்க மாட்டாரு."

அப்போது நான் சிரித்தேன். அவர் சொன்னது எனக்கு உறைக்கவில்லை.

பெரியவர் வந்த அன்று காலையில் கணக்கப்பிள்ளை முன்னோட்டம் பார்க்க வந்தார். என் வாசலில் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே தலையை விட்டார், அண்ணாந்தார், சுவரைத் தடவினார். "யாரு செஞ்சது?" என்றார். "நாந்தாங்க" என்றேன். இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தார். அந்த முகத்தை நான் சந்தோஷம் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

ஒரு மணி நேரத்தில் கார் வளைவில் நின்றது. துரை, கொழும்பிலிருந்து வந்த கம்பெனிப் பெரியவர், கணக்கப்பிள்ளை மூன்று பேரும் மற்ற ஒன்பது காம்பராவையும் தாண்டி நேராக என்னிடம் வந்தார்கள். வருடம் பூராவும் பெய்கிற மழை அன்றைக்குப் பார்த்துப் பெய்யவில்லை. பெரியவர் சீலிங்கைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு சுவரில் தலைகீழாக ஒட்டியிருந்த பேப்பரைப் படிக்கக் கழுத்தைத் திருப்பித் திருப்பி, கடைசியில் பாதி குனிந்தே நின்று படித்துச் சிரித்தார். கணக்கப்பிள்ளை இங்கிலீஷில் நீளமாகப் பேசினார். எனக்கு அதில் ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் தன் நெஞ்சை இரண்டு தடவை தொட்டுக் காட்டினார். அதற்கு இங்கிலீஷ் வேண்டியதில்லை.

பெரியவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"ஏதாச்சும் கொறை இருக்கான்னு கேக்குறாரு," என்றார் கணக்கப்பிள்ளை.

இங்கேதான் என் வாயை நானே அடித்துக்கொள்ள வேண்டும். அதற்குள் நான் பக்கத்துக் காம்பராவில் இரவல் வாங்கிய இரண்டு கோப்பையில் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்திருந்தேன். பெரியவர் வாங்கி ஒரு வாய் குடித்தும்விட்டார். வீட்டுக்குள் வந்து கை நனைத்தவரிடம் எங்கள் ஆட்கள் குறை சொல்ல மாட்டார்கள். பட்டினி கிடந்தாலும் "சாப்பிட்டாச்சுங்க" என்பார்கள். அதைத்தான் எனக்கும் சொல்லி வளர்த்திருந்தார்கள். இன்னொன்றும் உண்டு, மறைக்க மாட்டேன். என் காம்பராவை ஒரு பெரிய மனிதர் மெச்சிக்கொண்டு நிற்கிறார். அந்த நேரத்தில் 'அந்தத் துணிக்கு மேலே பதினோரு ஓட்டை இருக்கிறது' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ஒரு கொறையும் இல்லைங்க," என்றேன்.

கணக்கப்பிள்ளை அதை மொழிபெயர்த்த வேகம் இருக்கிறதே! பெரியவர் ஒரு சின்னப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். கார் போய்விட்டது.

மறுவாரம் பெரட்டுக் களத்துக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்த தகரம் இல்லை. அக்காதான் போய்க் கேட்டார். திரும்பி வந்து என் வாசலில் நின்றார்.

"லயம் நல்லா இருக்குன்னு பெரியவரு எழுதிட்டாராம். தகரம் தேவையில்லன்னு வேற எடத்துக்குப் போயிருச்சாம். கொறை ஒண்ணும் இல்லைன்னு லயத்து ஆளே சொல்லிட்டாங்களாம். யாருடி அந்த ஆளு?"

என் கண் சீலிங்குக்குப் போனது.

"ஒனக்குச் சீலிங்கு இருக்கு. எங்க ஒம்பது காம்பராவுக்கு? ஒன் லட்சுமி படத்தக் கொண்டாந்து மாட்டிக்கவா?"

இரண்டு மாதம் லயத்தில் ஒருத்தரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது சரிதான். நானாக இருந்தாலும் பேசியிருக்க மாட்டேன்.

பிறகு பெருமழை வந்தது. நான்கு நாள் சீலிங் தாங்கியது. ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பகல் சோறு ஆக்கிக்கொண்டிருந்தேன். காற்றில் வந்த ஏதோ குப்பை மூங்கிலை அடைத்திருக்க வேண்டும். தண்ணீர் போக வழியில்லாமல் என் சீலிங் மாட்டு வயிறுபோலத் தொங்கியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிழிந்தது. கரியும் சுண்ணாம்பும் துருவும் கலந்த தண்ணீர் என் தலையில், அடுப்பில், பாயில் விழுந்தது. சுவரில் இருந்த இங்கிலீஷ் முழுக்க உரிந்து தரைக்கு வந்தது. எங்களைக் குடிமக்களாகப் பதியக் கேட்ட பிரஜாவுரிமை மனுக் காகிதங்கள் இருந்த தகரப்பெட்டி ஒன்றுதான் நனையவில்லை. நான் வழுக்கி உட்கார்ந்த இடத்திலேயே வலி எடுத்துவிட்டது.

என் வீட்டுக்காரர் மருத்துவச்சியைத் தேடி ஓடினார். என்னைத் தூக்கிக்கொண்டு போனது அக்காதான். அவர் காம்பராவிலும் ஒழுகியது. அடுப்பை ஒட்டி ஒரு மூலை மட்டும் காய்ந்து கிடந்தது. ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. தன் பிள்ளைகளை அங்கிருந்து கிளப்பிவிட்டு என்னைப் படுக்க வைத்தார்.

"அக்கா, என்னை மன்னிச்சிருங்க."

"மன்னிப்பெல்லாம் அப்புறம். இப்ப முக்குடி. இந்தக் காம்பராவுல நெறையா கொறை இருக்கு, அதையும் பாத்துக்கிட்டே முக்கு."

வலியோடு சிரித்துக்கொண்டே பெற்றவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பெண் குழந்தை. அந்த வாரம் முழுக்க அக்கா சுவரில் சாய்ந்து கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே தூங்கினார்.

மழை விட்டபின், தீட்டுக் கழிக்க என் காம்பராவை மெழுக வேண்டியிருந்தது. மெழுகச் சாணி வேண்டும். பக்கத்தில் மாடு வைத்திருந்தது கணக்கப்பிள்ளை ஒருத்தர்தான். கூடையோடு அவர் வீட்டுத் தொழுவத்துக்குப் போனேன். உள்ளே போனதும் ஏதோ வித்தியாசமாக இருந்தது. தரை காய்ந்திருந்தது. வைக்கோல் காய்ந்திருந்தது. மாடு காய்ந்திருந்தது. அந்த மழையில் எங்கள் பக்கம் காய்ந்த ஒன்றை அப்போதுதான் பார்க்கிறேன். அண்ணாந்தேன். புதுத் தகரம், ஒரு டசன். வாசல் பக்கத்தில் அடித்திருந்த தகரத்தின் மூலை காதுபோல மடங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் மதகில் விழுந்து முழங்காலைக் கொடுத்து மடக்கிய மூலை.

கணக்கப்பிள்ளை வெளியே வந்தார். நான் எங்கே பார்க்கிறேன் என்று பார்த்தார்.

"சாணி எடுத்துட்டியா? எடுத்துட்டா போ," என்றார்.

போனேன். மறுநாள் காலையில் எங்களுக்குப் பேர் போட வேண்டிய கை அவருடையது. அதனால் போனேன். இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டும் இருந்தேன். இப்போது அந்தக் கையில் பேர் போடும் புத்தகம் இல்லை.

கணக்கப்பிள்ளை ஐயா, திருவிழா மேடையில் ஒலிபெருக்கி கட்டுவார்கள். லயங்களுக்கெல்லாம் கேட்கும். நானும் வருவேன், அக்காவும் வருவார், மற்ற எட்டுக் காம்பரா ஆட்களும் வருவார்கள். பொன்னாடை தோளில் விழுவதற்கு முன்னால், ஒலிபெருக்கியில், எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள். மூலை மடங்கிய அந்தத் தகரம் யாருக்கென்று வந்தது? அது இன்றைக்கு யார் தலைக்கு மேல் இருக்கிறது?