பல்செட் அக்கா ஒரே மேட்டை இரண்டு முறை ஏறிய கதை

பல்செட் அக்காவுக்கு மனிதர்கள் முகமாகத் தெரிவதில்லை, வாயாகத்தான் தெரிவார்கள். பத்தொன்பது ஆண்டுகளாக ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் குனிந்து உட்கார்ந்து, பிளாஸ்டர் அச்சில் மெழுகு வார்த்து, ஊராருக்குச் சிரிப்பு செய்து கொடுத்தவர். மேசையைக் கொஞ்சம் உயர்த்திப் போடுங்கள் என்று முதலாளியிடம் ஏழு முறை கேட்டார். மேசை அப்படியே இருந்தது. அக்காவின் முதுகுதான் போயிற்று.

"இனிமே குனியவே கூடாது. சைக்கிளும் வேண்டாம்" என்றார் எலும்பு மருத்துவர்.

குனியத்தானே கூடாது, சாயலாமே? அக்கா கேட் செய்யும் வெல்டரைப் பிடித்தார். இரண்டு பழைய சைக்கிள்களை அறுத்து ஒட்டி, நடுவே ஒயர் நாற்காலியைப் பொருத்தினார்கள். மல்லாக்கச் சாய்ந்து, முன்னால் இருக்கும் பெடலைக் கால் நீட்டி மிதிக்க வேண்டும். சமதரையில் அது பறந்தது.

முதலில் வெடித்தவர் நாத்தனார். "நடுரோட்டுல படுத்துக்கிட்டுக் காலை ஆட்டிக்கிட்டுப் போறீங்களே அண்ணி, பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"உங்க அண்ணன் சட்டை போடாம வாசல்ல ஈஸிசேர்ல படுத்துக்கிட்டுத் தெருவையே பாக்கறாரே, அப்ப என்ன நினைச்சாங்க?"

ஈஸிசேரில் இருந்தவர் எழுந்து உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

அக்காவின் ஆசை ஒன்றே ஒன்றுதான். நகரத்துச் சைக்கிள் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் நெடுந்தூர ஓட்டம்: இருநூறு கிலோமீட்டர், பதின்மூன்றரை மணி நேரம். வழியில் உள்ள ஒவ்வொரு சோதனை நிலையத்திலும் அட்டையில் முத்திரை வாங்கி வர வேண்டும். போன ஆண்டு வண்டியைப் பார்த்ததுமே சங்கச் செயலாளர் திருப்பி அனுப்பிவிட்டார். இந்த ஆண்டு அக்கா சங்கத்தின் விதிப்புத்தகத்தை மூன்று முறை படித்துவிட்டு வந்திருந்தார்.

"சைக்கிள்னா உக்காந்து ஓட்டணும்மா. இது கட்டில்" என்றார் செயலாளர்.

"விதி மூணு. மனித உழைப்பால் மட்டும் ஓடும் வண்டி. உக்காரணும்னு எங்க போட்டிருக்கு?"

"வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அதை எந்தப் பக்கத்துல அச்சடிச்சிருக்கீங்க?"

செயலாளர் அட்டையை நீட்டினார். "விதி ஏழையும் படிச்சீங்கல்ல? வழியில யாராவது ஒரு கை வெச்சுத் தள்ளினாலும் அட்டை செல்லாது."

காலை ஆறு மணிக்குப் புறப்பட்டார்கள். மற்றவர்கள் எதிர்க்காற்றில் தலை கவிழ்ந்து திணற, அக்கா காற்றுக்குக் கீழே வழுக்கிக்கொண்டு போனார்.

"அக்கா, டிவி ரிமோட் வேணுமா?" என்றான் ஒருவன்.

"வேணாம்பா. நீ பின்னால சின்னதாத் தெரியறதே நல்லா இருக்கு."

நூற்று நாற்பதாவது கிலோமீட்டரில் அந்த மேடு வந்தது. சாய்வு வண்டியில் எழுந்து நின்று மிதிக்க முடியாது. நத்தை வேகத்தில் ஆடி ஆடித்தான் ஏற வேண்டும். மேட்டின் அடியில் ஒரு டீக்கடை. வாய் பிளந்து மூச்சு வாங்கியபடி ஒரு பெண் படுத்த வாக்கில் வருவதைப் பார்த்ததும், கடையில் இருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்தார்கள்.

"ஐயோ, பாவம்! முடியாதவங்க போல. வாங்கடா!"

ஆறு பேர் ஓடிவந்து நாற்காலியின் முதுகைப் பிடித்தார்கள்.

"தள்ளாதீங்க!" என்று அலறினார் அக்கா.

"பயப்படாதம்மா, நாங்க இருக்கோம்."

"கையை எடுங்கய்யா!"

"வலியில ஏதோ உளறுது. வேகமாத் தள்ளு!"

பத்தே நிமிடத்தில் உச்சிக்குக் கொண்டுபோய் நிறுத்திக் கைதட்டிப் படமும் எடுத்தார்கள். அக்காவின் கண்ணில் நீர். அதை நன்றி என்று நினைத்து இன்னொரு படம் எடுத்தார்கள். மேசையை உயர்த்த ஒரு கை கிடைக்காத ஊரில், வேண்டாம் என்று கதறியவருக்குப் பன்னிரண்டு கைகள் கிடைத்தன.

சொல்லாமல் போய்விடலாம்தான். ஆனால் விதியைக் காட்டி உள்ளே நுழைந்தவர் அதே விதியை எப்படி ஏமாற்றுவது? அக்கா வண்டியைத் திருப்பி, வந்த மேட்டிலேயே சரசரவென்று இறங்கினார்.

"ஏய், பிரேக் போயிடுச்சு! பிடிங்கடா!"

ஆறு பேரும் பின்னாலேயே ஓடிவந்தார்கள். கீழே மூச்சிரைக்க நின்றவர்களிடம் அக்கா விஷயத்தை விளக்கினார். ஐந்து பேர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். முன்பல் இரண்டும் இல்லாத பஞ்சர் கடைக்காரருக்கு மட்டும் புரிந்தது.

"யாரும் தொடக்கூடாது. அவ்வளவுதானே? வாங்கக்கா."

துண்டைச் சுழற்றிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். பாதி மேட்டில் ஒரு பஸ் நின்று, பாதிப் பயணிகள் உதவ இறங்கினார்கள்.

"தொடாதீங்க! ஏறுங்க பஸ்ல! ஒரு பொம்பளை தானா ஏறினா உங்களுக்குப் பொறுக்காதா?" என்று துண்டை வீசி விரட்டினார் பஞ்சர் கடைக்காரர்.

இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. உச்சியில் பஞ்சர் கடைக்காரரின் கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு அக்கா பறந்தார்.

மாலை ஏழு முப்பது கெடு. ஏழு இருபத்தாறுக்கு வந்து நின்றார். செயலாளர் கைபேசியை நீட்டினார். அதற்குள் ஊரெல்லாம் சுற்றிவிட்ட படம்: ஆறு பேரின் சிரிப்பு, நடுவில் அக்காவின் அழுகை.

"விதி ஏழும்மா."

"ஆமா, தள்ளினாங்க. அதான் கீழ போய்த் திரும்ப நானே ஏறினேன்."

"சாட்சி?"

அக்கா எண்ணைச் சொன்னார். செயலாளர் ஒலிபெருக்கியில் போட்டு அழைத்தார்.

"யாருய்யா நீ, சந்தேகப்படறதுக்கு?" என்றது பஞ்சர் கடைக் குரல். "ஒரு ஈயைக்கூட அந்த வண்டியில உக்கார விடல நான். நீ ஒருதடவை அந்த மேட்டை ஏறிக் காட்டு, பாக்கலாம்!"

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். செயலாளர் புத்தகத்தைப் புரட்டினார். ஒரே மேட்டை இரண்டு முறை ஏறக்கூடாது என்று ஒரு பக்கத்திலும் இல்லை. அட்டைக்குப் பின்புறமும் பார்த்தார். பேனாவை எடுத்தபோது கடிகாரம் ஏழு முப்பத்தொன்று.

"நேரம் ஏழு இருபத்தாறு" என்றார் அக்கா. "மிச்சம் நீங்க புரட்டின நேரம்."

செயலாளர் அப்படியே எழுதி, முத்திரையைக் குத்தினார்.

அக்கா எழப் பார்த்தார். கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. இருபது பேர் சுற்றி நின்றார்கள். விதி ஏழுக்குப் பயந்து ஒருவரும் கிட்டே வரவில்லை.

"இப்பத் தூக்கி விடலாம்பா" என்றார் அக்கா.