பாக்கியக்காவின் விமானமும் என் பிரசவமும்

பிரசவம் பார்க்கும் தொழிலில் பாடுபடுகிறவள் ஒருத்தி, பேர் வாங்குகிறவள் இன்னொருத்தி. நான் பத்து வருஷம் பேர் வாங்குகிற இடத்தில் நின்றவள். ஒரே ஒரு நாள் பாடுபடுகிற இடத்துக்கு மாறினேன். பெற்றவர்களும், பெற்றவர்கள் பக்கத்தில் நின்று திட்டு வாங்கியவர்களுமாகிய உங்களிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் சொல்வது?

நாங்கள் திண்டுக்கல் பக்கம். என் வீட்டுக்காரருக்கு ஃபீஜியில் கணக்கு வாத்தியார் வேலை கிடைத்து, சவேனியில் கடலுக்கும் கரும்புக்கும் நடுவில் ஒரு தகரக்கூரை வீட்டில் குடியேறினோம். எனக்கு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு. அங்கே எனக்கு மேல் இருந்தவர் பாக்கியக்கா. அவருடைய முன்னோர் மதராஸிலிருந்து கரும்பு வெட்ட வந்தவர்கள். அக்காவின் தமிழில் பாதி ஹிந்தி. ஆனால் வயிற்றில் கை வைத்தால் போதும், குழந்தை எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. டாக்டர்களும் நர்சுகளும் ஒருவர் பின் ஒருவராக ஊரைக் காலி செய்தார்கள். வார்டில் ஆள் இல்லை, சாலையில் சோதனைச் சாவடி. அக்கம்பக்கத்துக் கரும்புக்காரர் வீட்டுப் பெண்கள், வீட்டிலேயே பெற்றுக்கொள்கிறோம் என்றார்கள். பாக்கியக்காவும் நானும் போய்ப் பார்த்தோம்.

மூச்சுப் பாடம்

முதல் வீட்டுப் பிரசவத்துக்கு நான் போன கோலத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு கையில் பெரிய பை, மறு கையில் கர்ப்பப்பை படம் போட்ட சார்ட். இயற்கையான பிரசவத்தைப் பற்றி இரண்டு புத்தகம் படித்து முடித்திருந்தேன், அதனால் யாரையாவது பிடித்துப் பாடம் நடத்தாமல் இருக்க முடியவில்லை.

சாவித்திரி என்ற அந்தப் பெண் கட்டில் காலைப் பிடித்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பாக்கியக்கா அவள் இடுப்பை அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தார். நான் சார்ட்டை ஆணியில் மாட்டி, மூச்சை எப்படி இழுத்து எப்படி விடுவது என்று செய்து காட்டினேன். ஐந்தாவது தடவை எனக்கே தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் அங்கே குழந்தையே பிறந்துவிட்டது. சாவித்திரி என்னைப் பார்த்து ஹிந்தியில் சொன்னாள்:

“சிஸ்டருக்கு யாராவது தண்ணி கொடுங்க.”

ஞாயிற்றுக்கிழமைச் சாவடி

அப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ், டாக்சி எதுவும் ஓடக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்கள். குழந்தைகளுக்கு இது தெரியாதல்லவா? ஒரு ஞாயிறு காலை, சாவித்திரியின் நாத்தனாருக்கு வலி என்று ஆள் வந்தது. பாக்கியக்கா வேறு வீட்டில் இருந்தார். என் வீட்டுக்காரர் எங்கள் பழைய காரை எடுத்தார்.

சாவடியில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் நிறுத்தினான். தாய்மையைப் பற்றி உருக்கமாக நாலு வாக்கியம் மனதுக்குள் தயார் செய்திருந்தேன். வாய் திறந்தால் காற்றுத்தான் வந்தது. பையைத் திறக்கச் சொல்லி, கத்தரியையும் தொப்புள்கொடி கட்டும் நூலையும் பார்த்தவன், துப்பாக்கியை மணல் மூட்டைமேல் சாய்த்துவிட்டு, தன் மனைவிக்கு எட்டாம் மாதம், கால் வீங்குகிறது, என்ன செய்வது என்று கேட்டான். பயம் போனதும் எனக்குப் பேச்சு வந்துவிட்டது. உப்பைக் குறைக்கச் சொன்னேன், உடனே ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னேன், அத்தோடு நிறுத்தாமல் மூச்சுப் பாடமும் நடத்தினேன். நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்து, தாய் எழுந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மாமியார் சொன்னார்:

“பரவால்ல சிஸ்டர், டீ குடிச்சிட்டுப் போங்க.”

என் முறை

இந்த லட்சணத்தில் எனக்கும் நாள் தள்ளிப் போனது. முப்பத்துமூன்று வயது, முதல் குழந்தை. வீட்டில்தான் பெறுவேன் என்று தீர்மானித்தேன். கண்ணைக் குத்தும் விளக்கு இல்லை, அவசர ஊசி இல்லை, மல்லாக்கப் படு என்று அதட்ட ஆள் இல்லை. வார்டில் அப்படி அதட்டிக்கொண்டிருந்த ஆள் நான்தான் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை: பாக்கியக்கா கையில்தான் என் பிள்ளை விழ வேண்டும்.

ஆனால் அக்காவுக்கு விசா வந்துவிட்டது. வீட்டுக்காரரும் இரண்டு பெண்களும் முன்பே நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குப் போயிருந்தார்கள். மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் அங்கே இறங்காவிட்டால் முத்திரை செல்லாது. முதலிலிருந்து மனுப் போட வேண்டும், கிடைக்குமோ கிடைக்காதோ. டிக்கெட்டும் அந்த வெள்ளிக்கிழமை சாயங்கால விமானத்துக்கே கிடைத்தது. என் தேதி அதற்குப் பத்து நாள் முன்னால் என்பதால் தைரியமாக இருந்தோம். என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“சரி, என் வேலை என்னன்னு வரிசையா எழுதிக் கொடுத்துடு மங்கை.”

விளக்கெண்ணெய்

தேதி வந்தது, போனது. பிள்ளை அசைவதாக இல்லை. காலையில் கரும்பு ரயில் தண்டவாளம் வழியே நடந்தேன், மாலையில் கடற்கரையில் நடந்தேன். வீட்டைத் தரையோடு தரையாகத் துடைத்தேன். ஒருவாரம் இப்படி நடந்ததில் எனக்கு வந்தது கால்வலி மட்டும்தான்.

விளக்கெண்ணெய் குடிக்காதே, ஆபத்து என்று ஊரிலுள்ள கர்ப்பிணிகளையெல்லாம் மிரட்டி வைத்திருந்தவள் நான். செவ்வாய்க்கிழமை முக்காட்டைப் போட்டுக்கொண்டு லௌட்டோகா டவுனுக்குப் போய் ஒரு பாட்டில் வாங்கினேன். அன்று பகல் முழுவதும் நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை மட்டும் உள்ளே நிம்மதியாக இருந்தது. கடையில் எனக்குப் பின்னால் நின்றவள் ஆறு மாதக் கர்ப்பிணி, என்னிடம் பார்ப்பவள்தான். அவள் கேட்டாள்:

“சிஸ்டர், அது உங்களுக்கில்லைதானே?”

பொய் வலி

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வலி எடுத்தது. மதியத்துக்குள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை என்று சுவர்க்கடிகாரம் சொன்னது. இரண்டு மணிக்குப் பாக்கியக்காவின் டாக்சி வாசலில் நின்றது. நாடி விமான நிலையத்துக்குப் போகிற சாலை எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகிறது. இரண்டு பெட்டி, ஒரு ஊறுகாய் ஜாடி, புதுச் சேலை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கை கழுவி வந்து என்னைச் சோதித்துப் பார்த்தார்.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி சிரித்த முகமாக, “பொய் வலிக்கா. வார்டில் எத்தனை பேரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கோம், அதே கேஸ். திங்கட்கிழமைக்கு மேலதான் ஆகும்” என்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். கையைத் துடைத்தார், துடைத்த கையை மறுபடி துடைத்தார். டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். அக்கா என் கன்னத்தைத் தொட்டுச் சொன்னார்:

“ஆமா தங்கச்சி, பொய் வலிதான்.”

பதினோரு வேலைகள்

டாக்சி திரும்பிய இரண்டாவது நிமிடம் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு லித்தியா ஓடி வந்தாள். அவள் ஃபீஜிக்காரி, நாலு பிள்ளை பெற்றவள். ஆஸ்பத்திரிக்குப் போகிற கட்டம் தாண்டிவிட்டது. மூச்சுப் பாடமா? ஒரு வரி ஞாபகம் இல்லை. நான் வாத்தியாரைத் திட்டினேன், அவரைப் பெற்றவர்களைத் திட்டினேன், ஃபீஜி அரசாங்கம் இரண்டையும், பழையது புதியது பார்க்காமல் திட்டினேன்.

என் வீட்டுக்காரர் நான் எழுதிக் கொடுத்த பதினோரு வேலைகளையும் கையில் வைத்துக்கொண்டு வரிசையாகச் செய்துகொண்டிருந்தார். ஐந்தாவது, கத்தரியைக் கொதிக்க வைப்பது. அது கொதித்து ஆறுவதற்குள் ஆறாவதுக்குப் போக அவர் மனம் ஒப்பவில்லை. நாலு மணிக்கு, பாயில் முட்டி போட்டபடி நான் லித்தியாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவள் நிதானமாகச் சொன்னாள்:

“மாஸ்டர், பேப்பரைக் கீழே வச்சுட்டுக் கையை நீட்டுங்க, பிள்ளை வருது.”

பெண் குழந்தை. வாத்தியார் கையில் விழுந்தது. அழுதது. அவரும் அழுதார். எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தை இன்றைக்கும் சரியாகச் சொல்ல வரவில்லை. அந்தச் சந்தோஷத்திலும் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தேன்.

ஆக்லாந்திலிருந்து

குழந்தைக்குப் பல் முளைத்த சமயம் பாக்கியக்காவின் கடிதம் வந்தது. தமிழ் எழுத வராது, ஆங்கில எழுத்தில் தமிழ். “தங்கச்சி, அன்னிக்கி கை வெச்சப்பவே தெரியும். கர்ப்பவாய் மூணு விரல் தொறந்துகினு இருந்திச்சி. நீ பொய் வலின்னே, நானும் ஆமான்னுட்டேன். ரெண்டு பொண்ணுங்க மூஞ்சிதான் கண்ணுல நின்னுது. ப்ளேன்ல அழுதுகினே வந்தேன். மாஃப் கர்னா, மன்னிச்சிடு.” படித்துவிட்டு நானும் அழுதேன். கடிதத்தை என் வீட்டுக்காரருக்குக் காட்டவில்லை. இத்தனை மாதமும் அவர் எல்லோரிடமும், மருத்துவச்சிக்கே தன் வலி தெரியவில்லை என்று என்னைக் கேலி செய்துகொண்டிருந்தார், நானும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். அன்று மாலையே அக்காவுக்குப் பதில் எழுதினேன்:

“எனக்கு நீங்க கை வைக்கிறதுக்கு முன்னாடியே தெரியும்க்கா.”

இருவருக்குமாக முப்பது வருஷ அனுபவமுள்ள இரண்டு மருத்துவச்சிகள், ஒரே வயிற்றை, ஒரே நேரத்தில், ஒரே மாதிரி தப்பாகக் கணித்தார்கள் என்பதை நம்புவதற்கு ஒரு கணக்கு வாத்தியார்தான் வேண்டும்.