தொகுதிக்குத் துக்கம் விசாரித்தவர்

மலாயாவில், கோலா சிலாங்கூருக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக இருந்தார் எர்னஸ்ட். ஹார்ன்பிரிட்ஜ் என்ற ஆங்கிலேய ஊரை அவர் படத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அந்த நாடாளுமன்றத் தொகுதியின் வரலாறு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். முன்பு இரண்டு உறுப்பினர்களை அனுப்பியது, பிறகு அது ஒன்றாகக் குறைந்தது, தோட்டத்துத் துரையின் தாத்தா ஊருக்கே பீர் வாங்கிக் கொடுத்து அங்கே ஜெயித்தது, எல்லாவற்றையும் ஒப்பிப்பார். தன் ஆயுளில் ஒரு வாக்குகூடப் போடாத மனிதருக்கு அப்படியொரு பெருமை. கேட்டுக் கேட்டு அவர் மனைவி மாடில்டாவுக்குக் காது புளித்துவிட்டது.

அது கம்யூனிஸ்டுகளை ஒடுக்க மலாயாவில் பிரிட்டிஷ்காரர்கள் அறிவித்திருந்த அவசரகாலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு கொண்டுபோனான் என்று மாடில்டாவின் தம்பி பெர்னாட்டைப் போலீஸ் பிடித்துப் போயிருந்தது. தூக்குச்சட்டியில் ஒரு பிடி சோறு கூடுதலாக இருந்ததுதான் குற்றம். துரை ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்கள். இல்லையென்றால் தடுப்பு முகாம், அங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பல்.

"இன்னிக்காவது தொரைகிட்ட கேளுங்க," என்றாள் மாடில்டா.

"கேக்குறேன் லா."

அன்றைக்கென்று பத்திரிகையில் செய்தி வந்து தொலைத்தது. ஹார்ன்பிரிட்ஜ் தொகுதியைக் கலைத்துப் பக்கத்துத் தொகுதியோடு சேர்த்துவிட்டார்களாம். எர்னஸ்ட் இடிந்துபோனார். கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு துரை பங்களாவுக்குத் துக்கம் விசாரிக்கக் கிளம்பினார். அங்கே கண்ணைத் துடைத்தபடி நின்றுவிட்டு, சாவு வீட்டு வழக்கப்படி 'போய் வருகிறேன்' என்றுகூடச் சொல்லாமல் திரும்பினார்.

"பெர்னாட் விசயம்?"

"துக்க வீட்டுல போயி உதவி கேக்குறதா? நல்லாவா இருக்கும்? மூணு நாளு போவட்டும்."

விடிந்ததும் மாடில்டாவே பங்களா வாசலில் போய் நின்றாள். துக்கம் கொண்டாட வேண்டிய துரை நாய்க்கு பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தார்.

"உன் புருசனுக்கு என்ன ஆச்சு? அந்த ஊருக்கு நானே போனதில்ல," என்று சிரித்தார்.

அவள் தம்பி கதையைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"நேத்து போலீஸ் ஆபீசர் இதே நாற்காலில உக்காந்து டீ குடிச்சான். கிராணி பக்கத்துலதான நின்னு அழுதான்? சொல்லியிருந்தா அப்பவே முடிச்சிருப்பேன்."

துரை போன் செய்து பார்த்தார். பெர்னாட்டை ஏற்றிய லோரி விடியற்காலையே முகாமுக்குக் கிளம்பிவிட்டதாம். இனி அவர் கையில் ஒன்றுமில்லை.

மாடில்டா வீடு திரும்பியபோது எர்னஸ்ட் கண்ணாடி முன்னால் நின்று கறுப்புத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அத அவுக்காதீங்க," என்றாள். "இப்பதான் இது துக்க வீடு."