கணவாய் ஏறாத வண்டி

எங்கள் கிர்கிஸ் ஊர்களில் கடைசி மகனாகப் பிறப்பது ஒரு வேலை. சம்பளம் கிடையாது, ராஜினாமாவும் கிடையாது. அண்ணன்கள் கல்யாணம் முடித்துத் தனியே போய்விடுவார்கள். வீடு, ஆடு, பெற்றவர்கள் எல்லாம் கடைசி ஆளின் தலையில். கல்மாத் அப்படி மாட்டிக்கொண்டவன். உனக்கு இது சம்மதமா என்று அவனை யாரும் கேட்கவில்லை.

அவன் மனைவி குல்பரா கேட்டாள். அவன் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். போன இலையுதிர் காலத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு, கணவாய்க்கு அந்தப் பக்கம் கல்குவாரிச் சமையற்கூடத்தில் வேலைக்குப் போய்விட்டாள். இந்தக் கோடையில் அங்கே கிரேன் ஓட்ட ஆள் தேவைப்பட்டது. மேஸ்திரியிடம் சண்டை போட்டுப் புருஷனுக்கு இடம் பிடித்தாள். “வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து சேரு. இல்லன்னா அங்கயே இருந்துக்கோ, எங்கள எதிர்பாக்காத” என்று போனில் சொன்னாள்.

கல்மாத்திடம் இருந்தது பக்கப்பெட்டி வைத்த பழைய சோவியத் மோட்டார் சைக்கிள். ஊருக்குள் புல் சுமக்கும், தண்ணீர் சுமக்கும், பெட்டியில் ஆட்டை உட்காரவைத்தும் ஓடும். கணவாய் ஏறினால்தான் வம்பு. பாதி ஏற்றத்தில் இழுவை குறையும், இருமும், அணைந்துவிடும். நிறுத்திப் பார்த்துவிட்டு உதைத்தால் எதுவுமே நடக்காத மாதிரி ஓடும். கொஞ்ச தூரத்தில் மறுபடி அதே கதை. அந்த வாரம் இரண்டு முறை கிளம்பி, இரண்டு முறையும் திரும்பி வந்தான்.

பக்கத்து வீட்டு மெக்கானிக் தோகான் பிளக்கை மாற்றினான், கார்புரேட்டரைக் கழற்றி ஊதினான், பாயிண்டைத் தேய்த்தான்.

“ஊருக்குள்ள குதிரையாட்டம் ஓடுது. உன்னோட வெளியூர் வரத்தான் அதுக்குப் பிடிக்கல.”

“வாய மூடிட்டு பிளக்குக்குப் பொறி குடுக்கிற காயிலப் பாருடா.”

“பாத்தாச்சு. வண்டியில ஒண்ணும் இல்ல. உங்கப்பன் முகத்தப் பாரு, நீ திரும்பி வரவர ஆளு பெருத்துக்கிட்டே போறாரு.”

அப்பன் பட்டி வாசலில் நின்று சிரித்தார். “மலைக்கு இருக்கிற புத்தி இவனுக்கு இல்ல. வாடா, ஆட்டத் தண்ணிக்கு ஓட்டு.”

வியாழக்கிழமை மூன்றாவது முறை. குவாரி ஆட்கள் சங்கம் வைப்பதைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பக்கப்பெட்டியில் ஏறிக்கொண்டேன். கிளம்பும்போது கல்மாத்தின் அம்மா சபீரா வந்து பெட்ரோல் டேங்க் மேல் போட்டிருந்த கம்பளியை இழுத்து இறுக்கினாள். மகன் போகிறேன் என்று சொன்ன அன்று உட்கார்ந்து தைத்த உறை அது. சிவப்புக் கம்பளி, கறுப்பில் ஆட்டுக்கொம்புக் கோலம், நடுவில் கண்ணேறு படாமலிருக்க முக்கோணத் தாயத்து. பயணத்துக்குத் தாய் கட்டியதை ஊர் போய்ச் சேருமுன் அவிழ்ப்பவன் எங்களில் இல்லை. பெட்ரோல் பார்க்க மட்டும் முக்கோணத்தைத் தூக்கலாம், உடனே மூடிக் கட்டிவிட வேண்டும்.

பாதி ஏற்றம். இருமல். அணைந்தது.

கல்மாத் இறங்கி, தாயத்தைத் தூக்கி, மூடியைத் திருகினான். உஸ்ஸென்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது. பெட்ரோல் நிறைய இருந்தது. மூடினான், கட்டினான், உதைத்தான். ஓடியது.

“நிறுத்து” என்றேன். “போன வருஷம் குல்பராவ இதே வண்டியிலதான கொண்டுபோய் விட்ட? அப்ப நின்னுச்சா?”

“இல்லண்ணே.”

“அப்ப இந்தக் கம்பளி இருந்துச்சா?”

அவன் டேங்கையே பார்த்தான். மூடியில் காற்று போக ஒரு துளை உண்டு. அதன் மேல் தாயத்து கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. ஊருக்குள் கொஞ்ச தூரம் ஓடும்போது இது தெரியாது, நீண்ட ஏற்றத்தில்தான் மாட்டும். மூடியைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் அவனே காற்றை விட்டிருக்கிறான்.

“அவுருடா.”

“அம்மா கட்டினதுண்ணே.”

“அம்மா கட்டினா இஞ்சினுக்கு மூச்சு வேண்டாமா? அவுரு!”

“நீங்க எல்லார்கிட்டயும் கூட்டத்துல பேசுற மாதிரியே பேசுறீங்க” என்றான். ஆனாலும் அவிழ்த்தான். முடிச்சு பிரிய நேரமானது. உறையை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

அதன் பிறகு வண்டி ஒரு முறைகூட இருமவில்லை. ஒரே இழுப்பில் உச்சி. அந்தப் பக்கம் பள்ளத்தில் குவாரியின் வெள்ளைத் தூசு தெரிந்தது. நான் சந்தோஷத்தில் அவன் முதுகில் ஓங்கித் தட்டினேன். அவன் முகம் செத்துப்போயிருந்தது. வண்டி நிற்கும் என்ற நம்பிக்கையில்தான் அவன் ஒவ்வொரு முறையும் கிளம்பியிருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஊரை விட்டால் அப்புறம் உச்சியில்தான் போனுக்குச் சிக்னல் வரும். இஞ்சினை அணைக்காமல் இருவரும் இறங்கி நின்றதுமே போன் அடித்தது. குல்பரா. காற்றில் காது கேட்காதென்று அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

“எங்க இருக்க?”

“ஏத்தத்துல. வண்டி நின்னுபோச்சு, குல்பரா. பழையபடி.”

வண்டி எங்கள் இருவருக்கும் நடுவில் தாளம் தப்பாமல் ஓடிக்கொண்டிருந்தது.



“வண்டிச் சத்தம் நல்லா இருக்கு” என்றாள். “எங்கள இறக்கிவிட்டுட்டுப் போனப்பவும் இப்படித்தான் ஓடுச்சு.” வைத்துவிட்டாள்.

அவன் வண்டியை வந்த வழிக்குத் திருப்பினான். “ஏறுங்கண்ணே” என்றான். நான் இறங்கியே நின்றேன். எனக்கு அந்தப் பக்கம் வேலை இருந்தது, நடக்கத் தொடங்கினேன்.

கீழே இறங்க அவனுக்கு இஞ்சின் தேவைப்படவில்லை. அணைத்துவிட்டுச் சரிவில் உருளவிட்டபடியே போனான்.