மனைக்கல்லடியில் நத்தை ஓடு

அன்று நடந்தவை, எனக்கு நினைவிருக்கும் வரிசையில்:

1. அப்பா, மாமா, நான் மூவரும் குத்தம்பாக்கத்தில் பேருந்தை விட்டு இறங்கினோம்.
2. தைலமரத் தோப்புக்குள் நடந்தோம். மாமாவின் செருப்பு அறுந்தது.
3. மாடுகள் மேய்ந்த புல்வெளியைக் கடந்தோம்.
4. எருக்கும் கோரையும் மண்டிய வெட்டவெளியில் நான் நத்தை ஓடுகள் பொறுக்கினேன்.
5. அப்பா அவற்றை ரிஜெக்ட் செய்தார்.

ஐந்தாவதற்குத்தான் அழுதேன்.

அப்பாவுக்கு ஆவடித் தொழிற்சாலையில் வேலை. செய்து வரும் பாகங்களை அளந்து, தேறாதவற்றை ஒதுக்கும் பிரிவு. வீட்டிலும் அதே பழக்கம்தான். சொத்தைக் கத்தரிக்காய், கோணல் தையல், எல்லாமே "ரிஜெக்ட்". அம்மா சிரிப்பார். அப்பா ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் சொந்த வீடு வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அம்மாவின் தம்பியான மாமா ஒரு மனை பார்த்து வைத்திருந்தார். நானோ பிக்னிக் என்று நினைத்துக் கிளம்பியிருந்தேன்.

"மனைக்காரங்க வேன்ல வந்திருந்தா பத்து நிமிசம். இன்னாத்துக்கு மச்சான் இந்த நடை?" மாமா செருப்பைக் கையில் பிடித்திருந்தார்.

"வேன்காரன் காட்டுறத மட்டும் பாக்கவா வந்தோம்?"

தோப்பில் எல்லா மரங்களுக்கும் என் இடுப்புயரம்வரை ஒரே மண்நிறம். "மரத்துக்கு யாருப்பா சாக்ஸ் போட்டது?" என்று கேட்டேன். அப்பா ஒரு மரத்தைத் தடவிப் பார்த்தார். விரலில் ஒட்டிய காய்ந்த சேற்றைத் தேய்த்துப் பார்த்தார்.

வெட்டவெளியில் மஞ்சள் பூசிய மனைக்கற்கள் வரிசையாக நின்றன. ஒரு கல்லடியில் கிடைத்த ஓடுகளைப் பாவாடையில் கட்டிக்கொண்டு வந்து காட்டினேன்.

"எங்க எடுத்தே?"

கல்லைக் காட்டினேன். அப்பா அங்கே காலால் மண்ணைக் கிளறினார். இன்னும் ஓடுகள் வந்தன.

"மேடாக்கக் கொட்டுன லாரி மண்ணோட வந்திருக்கும் மச்சான்," என்றார் மாமா.

"லாரி மண்ணு மேலதான கீது? இது அடியில இருந்து வருது மாப்ளே." அப்பா என் ஓடு ஒன்றை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "ரிஜெக்ட்."

எல்லாமே முழு ஓடுகள், ஒன்றுகூட உடையவில்லை. எந்த அளவில் தேறவில்லை என்று புரியாமல் வீடுவரை அழுதேன். வீட்டில் அம்மாவிடமும் அப்பா அதே சொல்லைத்தான் சொன்னார். முதல்முறையாக அம்மா அதற்குச் சிரிக்கவில்லை. ஓடுகளுக்காகவா அம்மாவுக்கும் இவ்வளவு வருத்தம் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அந்த மனையை மாமாவே வாங்கி வீடு கட்டினார். பெருமழை பிடித்தால் குடும்பத்தோடு எங்கள் மாடி வீட்டுக்கு வந்துவிடுவார். நாங்கள் ஆவடியில் இன்னும் வாடகைக்குத்தான் இருக்கிறோம்.