மறைப்பின் உயரம்

வாள் சிப்போர்ட்டைக் கடிக்கும்போது ஒரு மணம் எழும். மரத்தின் மணமல்ல. மரத்தூளைப் பிசினில் குழைத்து, அழுத்தி, மரம் என்று பெயர் வைத்த ஒன்றின் மணம். இனிப்பும் மருந்தும் கலந்து தொண்டையைச் சுரண்டும். போன வாரம் கொழும்பு, தெமட்டகொடையில் ஒரு பட்டறையைத் தாண்டும்போது மூக்கில் ஏறியது. நான் நடந்துகொண்டேயிருந்தேன். உள்ளே ஏதோ ஒன்று அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது.

யுத்த காலம். கொட்டாஞ்சேனையில், அலுவலகத் தளபாடம் இறக்கி விற்கும் கொம்பனி ஒன்றில் எனக்கு விலை கணித்துக் கொட்டேஷன் எழுதும் வேலை. முதலாளி தமிழர். வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் சிங்களவர். வருகிற எல்லாரும் எல்லாவற்றையும் பார்ட்டிஷன் என்ற ஒற்றைச் சொல்லால் கேட்பார்கள். பிரித்துச் சொல்வது என் வேலை. தனித் தட்டி ஒன்று, பனல். பனல்களைப் பூட்டி மூன்று பக்கம் மறைத்தால் கியூபிக்கிள். அதற்குள் மேசை, இழுத்துத் திறக்கும் லாச்சி, வயர் இறங்கும் துளை எல்லாம் சேர்ந்து ஆள் வந்து குந்த ஆயத்தமாக நின்றால் வேர்க்ஸ்டேஷன். மேசையின் பக்கத்தில் முழங்கை போல மடங்கி நிற்கும் சிறகு, ரிட்டர்ன். மேசைக்குக் கீழே சில்லில் உருளும் லாச்சிப் பெட்டி, பெடஸ்டல். கால் தெரியாமல் முன்பக்கம் அடிக்கும் பலகை, மொடஸ்டி பனல். இதைச் சொல்லும்போது ஆண்கள் எல்லாரும் ஒரே மாதிரிச் சிரிப்பார்கள்.

பிறகு உயரம். உட்கார்ந்திருந்தால் மறைக்கும் உயரம் ஒன்று, நின்றாலும் மறைக்கும் உயரம் ஒன்று. உயர்ந்த பனலுக்குள் பஞ்சு வைத்துத் துணி போர்த்தியிருக்கும். குரலை வெளியே விடாது என்று கட்டலொக் சொன்னது. நானும் சொல்லிச் சொல்லி விற்றேன். குரலை மறைக்க இவ்வளவு பேர் காசு கொடுத்தார்கள்.

எங்கள் மாடியையே காட்சியறையாக்க முதலாளி முடிவு செய்தபோது, வேண்டியதைத் தெரிவு செய்யுங்கள் என்றார். அடுத்த மேசை அக்காவும் நானும் ஒரே மூச்சில் உயர்ந்ததைக் கேட்டோம். அக்கா ஓடர்களைப் பதிந்து, தொலைபேசியும் எடுப்பவள். யாழ்ப்பாணத்தவள். வெள்ளவத்தையில் அறையொன்றில் வாடகைக்கு இருந்தாள். அந்த வீட்டுக்காரி தமிழ்தான். ஆனாலும் வடக்கிலிருந்து வரும் அழைப்பு தன் வீட்டுத் தொலைபேசியில் மணியடிக்கக்கூடாது என்றிருந்தாள். ஆகவே வவுனியாவில் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்த அவளின் அம்மா அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுப்பா. அக்கா பஞ்சுப் பலகைக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, தம்பி சாப்பிட்டானா, காய்ச்சல் விட்டுதா என்று கதைப்பாள். அந்த இரண்டடி அகலத்துக்குள் எங்களுக்கு ஒரு நாடு இருந்தது. துணி போர்த்திய, மிக மலிவான நாடு.

நகரத்தில் எங்கேயோ குண்டு வெடித்தது. மறுநாள் சோதனைக்கு வந்த பொலிஸ்காரர் ஒருவர் எங்கள் பனலில் தட்டி, இவ்வளவு உயரம் எதற்கு, உள்ளே என்ன ஒளிக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். கேட்டது அவ்வளவுதான். முதலாளிக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. பின்னேரம், பாஸ் என்று நாங்கள் கூப்பிடும் தச்சரை வரவழைத்தார். எங்களை எழும்பவும் விடவில்லை, வேலையைப் பாருங்கள் என்றார். நாங்கள் இருக்க இருக்க எங்கள் தலைக்குப் பக்கத்தில் வாள் ஓடியது. தூள் அக்காவின் கூந்தலிலும் தேநீரிலும் விழுந்தது. பலகை மேசை மட்டத்துக்கு இறங்கியது. அறுந்த விளிம்பில் பஞ்சு பிதுங்கி நின்றது.

"இனி நீங்கள் கதைக்கிறது கடவுளுக்கும் கேக்கும், எனக்கும் கேக்கும்" என்றார் முதலாளி. நாலு பேர் சிரித்தார்கள். சிரித்ததில் இரண்டு பேர் தமிழர்.

அன்றிலிருந்து வாங்குகிற ஆட்கள் வந்திருக்கும்போது தொலைபேசியில் தமிழ் கூடாது.  அக்காவுக்கு அந்த வேலை போனால் வெள்ளவத்தை அறை போகும். அறை போனால், கொழும்பில் தமிழர் இருக்கத் தேவையான பொலிஸ் பதிவு போகும். பதிவில்லாத ஒருத்தி தம்பியைக் கூப்பிட்டு எங்கே வைப்பது?

தம்பிக்குப் பதினேழு. முகாமிலிருந்து வெளியேற அனுமதிப் பாஸ் கிடைத்துவிட்டது, அம்மா கூட்டிக்கொண்டு வரப்போகிறா. எந்த ரயில் என்பதை மட்டும் தொலைபேசி எடுத்துச் சொல்வா. கோட்டை ஸ்டேஷனில் அடையாள அட்டையும் கொழும்பு விலாசமும் சிங்களமும் உள்ள ஒருவர் நின்று, இவன் என் தம்பி என்று சொல்ல வேண்டும். சொல்ல ஆளில்லாத தமிழ்ப் பொடியனை வாசலிலேயே பொலிஸார் ஏற்றிக்கொண்டு போவார்கள். அக்கா ஒரு கிழமையாகத் தொலைபேசியை விட்டு அசையவில்லை. சாப்பாட்டுப் பார்சலையும் அங்கேயே பிரித்தாள்.

அப்படிக் காத்திருந்த ஒரு நாளில்தான் பெரிய ஓடர் ஒன்றோடு ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவர் வந்தார். ஏதோ அலுவலகமொன்று நிரம்ப வேர்க்ஸ்டேஷன் வேண்டுமாம். முதலாளி அக்காவின் அறுத்த பனலில் கையை ஊன்றிக்கொண்டு, இது புது மாதிரி சேர், எல்லாரும் எல்லாரையும் பார்க்கலாம், ஒன்றும் ஒளிவில்லை என்று விளக்கினார். வந்தவர் பனலைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார். இந்த மிஸ் எந்த ஊர் என்று சிங்களத்தில் கேட்டார்.

கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவள் சேர், அந்தப் பக்கத்தில் ஒருவரும் இல்லை என்றார் முதலாளி, அவள் வாய் திறக்குமுன்.

தொலைபேசி அடித்தது.

அக்கா எடுத்தாள். பலகை இல்லாததால் எதிர்முனைக் குரல் எனக்கே கேட்டது. "பிள்ளை, நான் அம்மா" என்றது. பின்னால், அம்மா வழக்கமாகக் காசு கொடுத்துப் பேசும் கொமினிகேஷன் கடையின் இரைச்சல். அதிகாரி பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளியின் கை பனலிலிருந்து எழும்பவில்லை. விரல்கள் மட்டும் வெளிறின. அக்காவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அப்படி அசையாத ஒரு முகத்தை நான் பிறகு சாவு வீடுகளில்தான் கண்டிருக்கிறேன்.

"ரோங் நம்பர், மேடம்" என்றாள். வைத்தாள்.

அதிகாரி போனதும் அந்தக் கடைக்குத் திருப்பித் தொலைபேசி எடுத்தோம். அந்த அம்மா போய்விட்டா என்றான் கடைக்காரன். அன்று மாலை வந்த ரயில்களுக்கெல்லாம் அக்கா கோட்டையில் நின்றாள். போகுமுன் மறுநாள் காலைக்கு லீவு கேட்டிருந்தாள். பெரிய ஓடர் எழுதுகிற நாளில் லீவோ என்றார் முதலாளி. அம்மாவும் தம்பியும் அந்தக் காலையில்தான் வந்து இறங்கினார்கள். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று பொலிஸார் தம்பியைக் கொண்டுபோனார்கள். விட்டார்கள்தான், வருடங்கள் கழித்து, வேறொருவனாக.

அம்மா ஓட்டோ பிடித்து விலாசத் துண்டைக் காட்டிக் காட்டி எங்களிடம் வந்து சேர்ந்தா. முதலாளி விற்பனைக்கு வைத்திருந்த கதிரையொன்றில் இருத்தினார். பொலித்தீன் உறையை உரிக்கவில்லை; அவ அசையும்போதெல்லாம் அது சத்தமிட்டது. சேலை முந்தானையில் முகத்தைத் துடைத்துவிட்டு, நான் எடுத்தனானே பிள்ளை, நம்பர் பிழை எண்டினமே என்றா. அக்கா அறுத்த பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நேற்று ஒரு புதுப்பிள்ளை நிண்டது அம்மா, அதுக்கு ஒண்டும் தெரியாது என்றாள். முதலாளி, ஓம் ஓம், அதை நான் நிப்பாட்டிப்போட்டன் என்றார். பொய்யில்கூட அவருக்கு ஒரு ஆளை வேலையால் நிறுத்தவேண்டியிருந்தது.

பொலிஸ் நிலையம் போக அக்கா ஓட்டோ மறிக்கக் கீழே ஓடினாள். நான் அம்மாவைக் கையில் பிடித்துப் படியிறக்கினேன். பாதிப் படியில் நின்றா. கீழே மகளின் குரல் ஓட்டோக்காரனோடு சிங்களத்தில் பேரம் பேசுவது கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே என் கையை விட்டா.

"அது அவளின்ர குரல் எண்டு எனக்கு அப்பவே தெரியும், தம்பி. தெரியும் எண்டு அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."