எண்ணெய் குடித்த கூரை

வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் ஒன்று இருந்தது. வேலையிடத்தில் அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. எல்லோருக்கும் அவள் ஏணியக்கா. ஆளென்னவோ ஐந்தடிகூட இல்லை. ஓர் அலுவலகத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த காலத்தில், சாரத்தில் ஏறவேண்டிய ஆள் தலைசுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டான். "தள்ளு, நான் ஏறுறேன்" என்று வாளியோடு ஏறினாள். அன்று ஏறியவள்தான், பதினேழு வருடமாக இறங்கவேயில்லை என்பார் அவள் கணவர். அவர் தையற்காரர். அவளுக்கும் அவளோடு வேலை செய்யும் ஐந்து பெண்களுக்கும் தூசி புகாத தலையுறைகளைத் தைத்துக் கொடுப்பது அவர்தான்.

தொழிற்சாலைகளுக்குப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் கூரையையும் சுவரையும் சுத்தம் செய்து கொடுப்பது அவள் தொழில். கேட்டால் இதென்ன பெரிய வேலை என்று தோன்றும். முப்பதடி உயரத்து இரும்பு உத்திரங்களில் வருடக்கணக்காகப் படிந்த தூசியை முதலில் உறிஞ்சி எடுக்க வேண்டும். அப்படியே தண்ணீரை விட்டால் சேறாக ஒழுகும். சுவருக்குக் கீழிருந்து மேலாகச் சோப்பு போட்டு, மேலிருந்து கீழாக அலச வேண்டும். மாற்றிச் செய்தால் விழுகிற கோடு ஜென்மத்துக்கும் போகாது.

அந்த முறை வேலை, நட்டும் போல்ட்டும் செய்கிற ஒரு பட்டறையில். பெயிண்ட் காண்ட்ராக்டை எடுத்திருந்தவர் அவளுடைய சொந்த அண்ணன். பட்டறை ஆறு நாள் மூடியிருக்கும். இரண்டு நாள் அவளுக்கு, நான்கு நாள் அண்ணனுக்கு என்று பேச்சு.

"மூணு வருஷத்துல ரெண்டு தடவ அடிச்சாச்சும்மா. ரெண்டு தடவையும் பாம்புச் சட்ட மாதிரி உரிஞ்சு விழுந்துடுச்சு" என்றார் மேனேஜர்.

முதல் நாள் காலை, தூக்கு வண்டியில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு மேலே போனாள். வெள்ளைத் துணியால் கூரைத் தகட்டை ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். துணி மஞ்சளாகப் பிசுபிசுத்தது. கத்தி முனையால் நெம்பியதும் பழைய பெயிண்ட் பாலாடை போலக் கையோடு வந்தது. அடியில் பளபளவென்று எண்ணெய்.

இறங்கி வந்து, "அண்ணே, இது ரெண்டு நாள்ல ஆகாது. மொத்தத்தையும் சுரண்டி எடுத்து, எண்ணெய் எடுக்குற மருந்து போட்டுக் கழுவணும். நாலு நாள் வேணும்" என்றாள்.

"நாலு நாளா? மிச்சம் ரெண்டு நாள்ல நான் என்ன, வாயால ஊதியா பெயிண்ட் அடிப்பேன்? பம்புல தண்ணிய பீச்சி விடு, போதும். மேல எவன் ஏறிப் பாக்கப் போறான்?"

"நான் பாத்துட்டேனே!"

சத்தம் கேட்டு வந்த மேனேஜர், "சுவரு கழுவுறதுக்கு இவ்வளவு ஆராய்ச்சியாம்மா?" என்றார். அவள் வாதாடவில்லை. ஒரு மூலையில் இரண்டு சதுரம் குறித்தாள். ஒன்றை வெறும் தண்ணீரால் கழுவினாள். இன்னொன்றைத் தகடு தெரியும்வரை சுரண்டி, மருந்து போட்டு அலசினாள். இரண்டும் காய்ந்ததும் அண்ணன் கையாலேயே பெயிண்ட் அடிக்கச் சொன்னாள். "நாளைக்குக் காலையில பாப்போம். அதுவரைக்கும் என் ஆளுங்க தூசி எடுத்துட்டு இருப்பாங்க."

மறுநாள் இரண்டு சதுரத்திலும் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, டேப்பை ஒட்டி இழுத்தாள். முதல் சதுரத்தில் பெயிண்ட் மொத்தமாக டேப்போடு வந்துவிட்டது. இரண்டாவதில் டேப் மட்டும் வந்தது.

அண்ணன் முகம் சுண்டிப்போனது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. "பெயிண்டரக் குத்தம் சொல்லாதீங்க சார். அடியில எண்ணெய் இருந்தா எந்தக் கொம்பன் அடிச்சாலும் நிக்காது" என்றாள் மேனேஜரிடம்.

"சரிம்மா, நாளுக்கு எங்க போறது?"

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "உங்க எட்டு பேரும் கையக் கட்டிட்டுத்தான நிக்கிறாங்க? சுவத்துல பட்டி பூசுற தகடு எல்லார்கிட்டயும் இருக்கு, அதுலயே சுரண்டலாம். மேல ஏத்துங்க. நாளைக்கு சாயங்காலம் கூரைய உங்க கையில குடுத்துடுறேன்."

"அவங்க பெயிண்டருங்க, சுரண்ட மாட்டாங்க."

"முதலாளி சுரண்டினா சுரண்டுவாங்க."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையுறை ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டார். அது பாதி மண்டைக்குத்தான் எட்டியது. ஆனாலும் முதலில் ஏறியவர் அவர்தான். அன்று முழுக்கத் தங்கை சொன்ன இடத்தில் சுரண்டினார். "இங்க விட்டுட்டீங்க" என்று அவள் காட்டினால் முணுமுணுத்துக்கொண்டே திரும்பவும் சுரண்டினார்.

கறை எங்கே தடிமனோ அந்தப் பக்கமாக நகர்ந்துபோன ஏணியக்கா, மூன்றாவது மெஷினுக்கு மேலே வந்து நின்றாள். எண்ணெய்ப் புகையை வெளியே கொண்டுபோகும் குழாயில், இணைப்பு ஒன்று விரல் நுழையும் அளவுக்கு விட்டிருந்தது. பட்டறையில் மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டரை வரவழைத்துக் காட்டினாள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "மூணு வருஷமா இதுக்குக் கீழதாங்க்கா நின்னுட்டிருக்கேன்" என்று தலையைச் சொறிந்தார். அடைத்து முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

சொன்னபடி மூன்றாம் நாள் மாலை கூரையும் சுவரும் காய்ந்து நின்றன. மிச்ச மூன்று நாளில் அண்ணன் ஆட்கள் இரண்டு கோட் அடித்து முடித்தார்கள்.

எட்டு மாதம் கழித்து மேனேஜரிடமிருந்து போன் வந்தபோது மறுபடி உரிந்துவிட்டதோ என்று பயந்துகொண்டேதான் அண்ணன் எடுத்தார். ஆனால் மேனேஜர் கேட்டது வேறு. "பக்கத்து ஷெட்டும் அடிக்கணும். நீங்க அப்புறம் வாங்க. முதல்ல தங்கச்சிய அனுப்புங்க. எத்தன நாள்னு அவங்க சொல்லட்டும், அதுக்கேத்த மாதிரி பட்டறைய மூடுறோம்."

அவள் போனாள். மேனேஜர் நாற்காலி போடச் சொன்னார். "உக்கார நேரமில்ல சார்" என்று அண்ணாந்து பார்த்தவள், "எல்லா லைட்டையும் போடச் சொல்லுங்க" என்றாள்.